வேதாளத்துக்குக் கரி பூசியவன்

 

போன வாரம் கோயில் தேர்முட்டி பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் பதில் போட்டிருந்தீர்கள். இந்த வாரம் கொஞ்சம் நீளமான பதிவு. ரயிலில் போகிறவர்கள், மதியம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருப்பவர்கள் படிக்கலாம். வேலை நேரத்தில் படிக்க வேண்டாம்.

விஷயம் பேய் பற்றியது. பயப்படாதீர்கள், நல்ல பேய்.

ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டில் இருக்கும் பேரன் வீடியோவில் பேசினான். வயது பதினொன்று. ஒரு பொம்மையைத் தூக்கிக் காட்டி, "தாத்தா, இது ஸ்வாம்ப் திங்" என்றான். உடம்பு முழுக்கப் பாசியும் வேரும் தொங்கும் பச்சை உருவம், சிவந்த கண். "பார்க்கத்தான் பயமா இருக்கும் தாத்தா. ஆனா நல்லவன். ஸ்வாம்ப்லயே இருப்பான்" என்றான். பிறகு அவனே, "ஸ்வாம்ப்னா உங்களுக்குத் தெரியுமா தாத்தா?" என்று கேட்டான்.

கீழ்வேளூர்க்காரனைப் பார்த்துச் சேறு தெரியுமா என்கிறான்! ஐப்பசி, கார்த்திகையில் ஊரைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீரும் உளையும் நாணலுமாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தெரியும் என்றேன். அந்தச் சேற்று மனிதனின் சரித்திரத்தை இரண்டு மூன்று நாள் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க நம் வேதாளம் நினைவுக்கு வந்தது. வேதாளத்தோடு சேர்ந்து, நாற்பது வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றும் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். வரலாறு வாத்தியார் ஆயிற்றே, வரிசையாகத்தான் வருவேன்.

முதலில் அந்த அமெரிக்கச் சேற்று மனிதன். லென் வெய்ன் என்பவர் எழுத, பெர்னி ரைட்ஸன் என்பவர் படம் வரைய, 1971இல் ஒரு திகில் படக்கதை இதழில் எட்டுப் பக்கம் வந்த கதை அது. வாசகர்களுக்குப் பிடித்துப்போக, மறு வருஷமே அவனுக்கென்று தனி இதழ் தொடங்கினார்கள். அலெக் ஹாலண்ட் ஒரு விஞ்ஞானி. பயிரைச் செழிக்க வைக்கும் மருந்து ஒன்றை லூசியானா சதுப்புக் காட்டில் இருந்துகொண்டு கண்டுபிடிக்கிறார். கெட்டவர்கள் ஆய்வுக்கூடத்துக்கு வெடி வைக்கிறார்கள். உடம்பெல்லாம் தீப்பற்றி ஓடியவர் சேற்றில் விழுகிறார். மருந்தும் சேறும் செடியும் சேர்ந்து, சில நாள் கழித்துப் பச்சை உருவமாக எழுந்து வருகிறார். ஊரே பார்த்து அலறுகிறது. அவரோ யாருக்கும் தீங்கு நினைக்காமல் காட்டுக்குக் காவலாக நிற்கிறார்.

லூசியானா என்றால் மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் கழிமுகம். நாம் காவிரியின் கழிமுகம். ஆறு கடலை நெருங்கும் இடத்தில் மண்ணும் தண்ணீரும் பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்து கிடக்கும். அங்கெல்லாம் பேய்க்கதை தானாக முளைக்கும். நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு இல்லையா? இரவில் வயல்வெளியில் ஒரு நெருப்பு எரிந்து எரிந்து அணையும், கிட்டே போனால் தள்ளிப் போகும் என்று என் பாட்டி சொல்வார். தண்ணீருக்கடியில் இலை தழை அழுகும்போது மீத்தேன் என்ற எரியும் வாயு உண்டாகிறது என்று பின்னாளில் பாடப் புத்தகத்தில் படித்தோம். அந்த மீத்தேனை எடுக்க டெல்டாவில் குழாய் இறக்க வந்தபோது நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக வந்து பேசியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2013 டிசம்பர் கடைசியில் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் காலமானபோது அந்தப் பிரசாரத்தில்தான் இருந்தார். பாட்டியின் கொள்ளிவாய்ப் பிசாசு குடியிருந்த வாயுதான் அது!

ஆனால் கொள்ளிவாய்ப் பிசாசு பேசாது. பேசாத பேயோடு சிநேகம் வைக்க முடியாது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேசிய பேய், சிநேகமான பேய், வேதாளம் ஒன்றுதான்.

வேதாளத்தின் பூர்வீகம் பெரிது. காஷ்மீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இருபத்தைந்து வேதாளக் கதைகள் இருக்கின்றன. அங்கே ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். நமக்கு அவன் விக்கிரமாதித்தன். அங்கே மரம் சிம்சபா, நமக்கு முருங்கை. "வேதாளம் முருங்கை மரம் ஏறிடுச்சு" என்று சொல்லாத தமிழ்க் குடும்பம் உண்டா? தமிழில் வழங்கிய வேதாளக் கதையை பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் மொழிபெயர்த்து, 1831இல் லண்டனில் அச்சானது. சென்னையில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் போய் மருத்துவரானவர். தொண்டைக்குள் பார்க்கும் கண்ணாடிக் கருவியை முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர். நம் பரமார்த்த குரு கதையையும் அவர்தான் ஆங்கிலத்தில் கொடுத்தார்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு சந்நியாசி தினமும் ராஜாவுக்கு ஒரு பழம் கொடுக்கிறான். பழத்துக்குள் ரத்தினம். கைம்மாறாக, சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தை எடுத்து வரச் சொல்கிறான். பிணத்துக்குள் வேதாளம். வழியில் அது கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்கு விடை தெரியவில்லை. உண்மையாகவே மௌனமாக நடக்கிறான். அப்போதுதான் வேதாளம் மனம் இளகி ரகசியத்தைச் சொல்கிறது: அந்தச் சந்நியாசி உன்னைப் பலி கொடுக்கப் போகிறான், விழுந்து கும்பிடச் சொல்வான், "எப்படி என்று நீயே செய்து காட்டு" என்று சொல்லி, அவன் குனியும்போது வெட்டு.

இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறோம். கதையில் ராஜாவைக் கொல்ல நினைத்தது சாமியார். காப்பாற்றியது பேய். சுடுகாட்டில் தலைகீழாகத் தொங்குவதுதான் கதையிலேயே யோக்கியமான பாத்திரம்.

இந்த வேதாளத்தை வீட்டுக்கு வீடு கொண்டு வந்தது அம்புலிமாமா. 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால், நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தமிழிலும் தெலுங்கிலுமாகத் தொடங்கிய பத்திரிகை. இருபத்தைந்து கதையில் முடிந்திருக்க வேண்டிய வேதாளத்தை அவர்கள் முடிய விடவில்லை. சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு மாதம் ஒரு புதுக் கதையை உள்ளே வைத்தார்கள். பல்லாண்டு போயிற்று. ஒவ்வொன்றும் எப்படித் தொடங்கும் என்பது உங்களுக்கே மனப்பாடம், நான் சொல்ல வேண்டியதில்லை.

படம் வரைந்தவர் சங்கர். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் 1924இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, கலைமகளில் வேலை பார்த்து, 1952இல் அம்புலிமாமாவுக்கு வந்தவர். கையில் வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமன் நடக்கும் அந்தப் படம், 1960களில் அவர் கை போட்டது. தொண்ணூறு வயது தாண்டியும் வரைந்துகொண்டிருந்தார். 2020 செப்டம்பரில் காலமானார். மறு வருஷம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

எனக்கு அம்புலிமாமா கிடைத்தது ஊர் நூலகத்தில். ஒரே பிரதி. நாலைந்து பேர் தலையை முட்டிக்கொண்டு படிப்போம். அந்தப் படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பயப்படுவோம், பிறகு கதைக்குள் போய்விடுவோம். கதை முடியும்போது பயம் போயிருக்கும். தாளில் இருக்கும் பேயிடம் ஒரு சௌகரியம் உண்டு. பயந்தால் பக்கத்தைத் திருப்பலாம், தைரியம் வந்ததும் திரும்பி வரலாம். அதோடு சிநேகம் ஆவதற்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, தாளில் பிணம் வாய் அசைக்க வேண்டியதில்லை. படம் சும்மா இருக்கும், எழுத்துதான் பேசும். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதை நாம் வைத்துக்கொள்வதுதான். என் வேதாளத்துக்கு எங்கள் கணக்கு வாத்தியார் குரல்.

திரைக்கு வந்தால் இந்தச் சௌகரியம் எல்லாம் போய்விடும். அங்கே பேய்க்கு ஒரு முகம் வேண்டும், ஒரு குரல் வேண்டும். முக்கியமாக, அந்தத் தோலுக்குள்ளே போய் நிற்க ஒரு மனிதன் வேண்டும். கம்ப்யூட்டர் வராத காலத்தில் வேறு வழியே இல்லை. யாரை உள்ளே அனுப்புகிறோம், எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் அந்தப் பேய் நல்ல பேயாவதும் கெட்ட பேயாவதும் இருக்கிறது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். இனி வருவதெல்லாம் உதாரணம்.

தாளில் வேதாளத்தை வளர்த்த நாகி ரெட்டியும் சக்ரபாணியும் திரையிலும் பெரிய புள்ளிகள். விஜயா நிறுவனம் அவர்களுடையது. வடபழனியில் வாகினி ஸ்டூடியோவும் அம்புலிமாமா அச்சகமும் ஒரே வட்டாரத்தில் இருந்தன. அவர்கள் 1957இல் கே.வி. ரெட்டி இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த படம் மாயாபஜார். அதில் கடோத்கஜன் எஸ்.வி. ரங்காராவ்.

கடோத்கஜன் யார்? பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்த அரக்கன். காட்டுவாசி. பாரதத்தில் அவன் வேலை, கர்ணனின் சக்தி ஆயுதத்தை வாங்கிக்கொண்டு அர்ஜுனனுக்காகச் சாவது. மாயாபஜாரின் கதையோ வியாசரில் இல்லாதது, மக்கள் வழக்கில் வந்தது. அங்கே அவன் தம்பி அபிமன்யுவின் காதலைச் சேர்த்து வைக்கும் அண்ணன். காட்டுக்குள் வந்த அபிமன்யுவையும் சுபத்திரையையும் யாரோ என்று நினைத்து முதலில் சண்டைக்குப் போகிறான். உறவு தெரிந்ததும் அந்த மலை உடம்பு அப்படியே குழைந்து மன்னிப்புக் கேட்கிறது. பெற்ற தாயின் முன்னால் குழந்தை மாதிரி நிற்கிறது. கல்யாண விருந்தைத் தனியாளாக உட்கார்ந்து அவன் காலி செய்யும் பாட்டை இன்றைக்கும் தொலைக்காட்சியில் போட்டால் எழுந்து போக மனம் வருவதில்லை. லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகும் அந்தத் தந்திரமெல்லாம் மார்கஸ் பார்ட்லி என்ற ஒளிப்பதிவாளர் வெறும் கேமராவைக் கொண்டு செய்தது.

நான் அதைப் பார்த்தது டூரிங் கொட்டகையில், தரை டிக்கெட்டில். மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். கொட்டகையில் ஒரு குழந்தையும் அழவில்லை. ரங்காராவ் சிரித்தால் நாங்களும் சிரித்தோம். ஒரு பெரிய நடிகருக்குக் கிரீடமும் கதையும் கொடுத்து, முகத்தை மூடாமல், கண்ணை மறைக்காமல் அரக்கனாக நிறுத்தினார்கள். அதனால்தான் அந்த அன்பு வெளியே தெரிந்தது.

அதே படத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. கடோத்கஜன் மாயத்தால் வத்சலாவாக உருமாறி அரண்மனைக்குள் உட்கார்ந்திருப்பான். அப்போது நடிப்பவர் சாவித்திரி. வெளியே ராஜகுமாரி, உள்ளே அரக்கன். அந்த நடையும் பார்வையும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அழகான உடம்புக்குள்ளும் அரக்கன் இருக்கலாம், அவன் நல்லவனாகவும் இருக்கலாம் என்று இரண்டையும் ஒரே அம்மாள் காட்டிவிட்டார்.

பத்து வருஷம் கழித்து, 1967இல் பட்டணத்தில் பூதம். ஜாவர் சீதாராமன் பூதமாக வந்தார். 1900இல் வந்த ஆங்கில நாவல் ஒன்று 1964இல் அமெரிக்காவில் படமாகி, அங்கிருந்து நம் ஊருக்கு வந்த கதை. சீதாராமன் நல்ல எழுத்தாளர். தனக்குத் தேவையான பூதத்தைத் தானே எழுதி, தானே அந்தத் தோலுக்குள் போனார். பிள்ளைகள் தெருவெங்கும் ஜீபூம்பா சொல்லித் திரிந்தார்கள். இங்கும் மூடிய முகம் இல்லை, ரப்பர் உடுப்பு இல்லை.

இனி வேதாளமே திரைக்கு வந்த கதை. அது தமிழில் வரவில்லை, இந்தியில் வந்தது. ராமானந்த சாகர் 1985இல் தூர்தர்ஷனுக்காக எடுத்த விக்ரம் அவுர் பேதாள். 26 வாரம் ஓடியது. விக்கிரமனாக அருண் கோவில். இவர்தான் 1987 ஜனவரியில் தொடங்கிய ராமாயணத்தில் ராமராக வந்து வீட்டுக்கு வீடு கற்பூரம் காட்ட வைத்தவர். வேதாளமாக சஜ்ஜன் என்ற பழுத்த நடிகர்.

நான் அதைப் பார்த்தது 1985 அரையாண்டு விடுமுறையில், கோடம்பாக்கத்தில் அக்கா வீட்டில். அத்தான் அப்போதுதான் டி.வி. வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஒருவருக்கும் இந்தி தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கதை அத்தனை பேருக்கும் தெரியும். சங்கர் தாளில் வரைந்தது தோளில் கிடக்கும் பிணம். சாகர் அதை மாற்றிவிட்டார். நீண்ட வெள்ளை முடியோடு ஒரு கிழவர் ராஜாவின் முதுகில் ஏறிக்கொண்டு, காதோரம் குனிந்து, கேலியும் செல்லமுமாகப் பேசிக்கொண்டே வந்தார். ராஜா வாயைத் திறந்ததும் பெரிதாகச் சிரித்துவிட்டுப் பறந்தார். பேரனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது, என்ன, இங்கே தாத்தாதான் முதுகில் இருந்தார்!

படக்கதையை அப்படியே திரையில் எடுக்காமல், திரைக்கு எது வேண்டுமோ அதைச் செய்தார்கள். பிணத்தை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டார்கள். குரலுக்கு வயதான, பக்குவப்பட்ட நடிகரைப் போட்டார்கள். நாடு முழுக்கப் பிள்ளைகள் பேயை நேசித்தார்கள்.

இப்போது பேரனின் சேற்று மனிதனுக்கு வருவோம். 1982இல் அவனைத் திரைக்குக் கொண்டு வந்தவர் வெஸ் கிரேவன். திகில் படங்களுக்குப் பேர் போனவர். தென் கரோலினாவின் நிஜமான சதுப்புக் காட்டில் படம் எடுத்தார்கள். அங்கே ஒரு பங்கீடு நடந்தது, கவனியுங்கள். வெடி வைப்பதற்கு முன்னால் வரும் விஞ்ஞானியாக, மனித முகத்தோடு நடித்தவர் ரே வைஸ். சேற்றிலிருந்து எழுந்த பிறகு அந்த ரப்பர் தோலுக்குள் நின்றவர் வேறு ஆள். டிக் டூராக், உயரமான சண்டைக் கலைஞர். ஒரே பாத்திரம். அழகான பாதிக்கு ஒருவர், அருவருப்பான பாதிக்கு இன்னொருவர். 1989இல் இரண்டாவது படம், 1990 முதல் 1993 வரை தொலைக்காட்சித் தொடர், இரண்டிலும் டூராக்தான் அந்தத் தோலை மாட்டிக்கொண்டார். 2019இல் புதுத் தொடர் வந்தபோதும் அதே பங்கீடு. மனிதனாக ஆண்டி பீன், சேற்று உருவமாக டெரெக் மியர்ஸ். அந்தத் தொடரையும் பதின்மூன்று பகுதியிலிருந்து பத்தாகக் குறைத்து, முதல் பகுதி வெளிவந்த ஒரு வாரத்துக்குள்ளேயே நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்கள்.

ரப்பருக்குள் இருப்பவர் என்ன செய்ய முடியும்? கன்னம் அசையாது, புருவம் அசையாது. கண்ணும், தலையைச் சாய்ப்பதும், கை நீட்டும் விதமும்தான் மிச்சம். தொடரின் சில காட்சிகளைத் தேடிப் பார்த்தேன். டூராக் அதை வைத்துக்கொண்டே நிறையச் செய்திருக்கிறார். கையை மெதுவாக நீட்டுகிறார், எதிரே இருப்பவர் பயந்தால் நிறுத்திக்கொள்கிறார். அந்த நிறுத்தத்தில்தான் அன்பு தெரிகிறது.

இதற்கு நடுவே, 1984இல், ஆலன் மூர் என்ற ஆங்கிலேயர் படக்கதையில் ஒரு பெரிய மாற்றம் செய்தார். சேற்று உருவம் மனிதனாக இருந்து செடியானது இல்லை. விஞ்ஞானி அன்றைக்கே செத்துவிட்டார். அவர் நினைவுகளை உறிஞ்சிக்கொண்ட செடிதான் தன்னை மனிதன் என்று நம்பிக்கொண்டிருக்கிறது என்று எழுதினார். அதுவரை 'எப்போது பழைய முகம் திரும்பும்' என்பது கதையின் ஏக்கம். அதற்குப் பிறகு அந்த ஏக்கம் தேவையில்லை. அவன் முகம் அதுதான். சேறு சாபம் இல்லை, அவன் வீடு.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இதுதான்.

1986 தொடக்கத்தில், சென்னையில் பார்த்த சூட்டோடு, நான் அப்போது வேலை பார்த்த பள்ளி ஆண்டு விழாவில் வேதாளம் நாடகம் போட்டேன். எழுதியதும் நான், இயக்கியதும் நான். விக்கிரமனாக நடித்தவன் பெரிய தெருப் பையன். சிவப்பாக இருப்பான். கிரீடத்துக்குப் பொருத்தம் என்று எல்லாரும் சொன்னார்கள். வேதாளத்துக்கு ஆள் தேடவே இல்லை. வகுப்புக்குள் நுழைந்து, கடைசிப் பெஞ்சில் இருந்த காலனிப் பையன் ஒருவனைக் கை காட்டி, "நீதான்டா வேதாளம்" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் எழுந்து நின்றான்.

அவன் வசனத்தை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டான். நல்ல குரல். நிறுத்தி நிறுத்தி, அந்தக் கேலி கலந்த பிரியத்தோடு பேசினான். சஜ்ஜன் பேசியதை அவன் பார்த்ததே இல்லை, ஆனால் அப்படித்தான் பேசினான். விழா அன்று மேடைக்குப் பின்னால், அடுப்புக்கரியை இடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஒரு கொட்டாங்கச்சியில் வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டேன். அவன் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். முகத்தில் பூசக் கை வைத்தபோது கேட்டான்:

"சார், வேதாளம்தானே சார் ராஜாவக் காப்பாத்துது?"

"ஆமாம்."

"சாமியாருதானே சார் கெட்டவரு?"

"ஆமாம்டா."

"அப்ப எனக்கு ஏன் சார் கரி?"

பிள்ளைகளே, எனக்கு விடை தெரியும். அந்த நிமிஷமே தெரியும். சங்கர் படத்தில் கரி இல்லை. சாகர் தொடரில் வெள்ளை முடிதான் இருந்தது. கதையில் எங்கேயும் இல்லை. சாமியாராக நடித்த பையனுக்கு நான் விபூதி பட்டை போட்டுக் காவி கட்டி அழகாக உட்கார வைத்திருந்தேன். கரியைக் கொண்டு வந்தவன் நான். பேய் என்றால் கறுப்பு, கறுப்பு என்றால் காலனி என்று எனக்குள்ளே யாரோ எப்போதோ போட்டு வைத்திருந்த கணக்கு அது. வரலாறு சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அது தெரியாமல் இருந்ததுதான் அவமானம்.

அவனுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நேரமாச்சு, முகத்த அசைக்காத" என்றேன். பூசி முடித்தேன்.

நாடகம் நன்றாக நடந்தது. அவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். விக்கிரமன் மௌனமாக நடந்தது விடை தெரியாமல். நான் மௌனமாக இருந்தது விடை தெரிந்து. தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்பது வேதாளத்தின் விதி. என் தலை வெடிக்கவில்லை. 'நல்லாசிரியர்' என்று நாலு பேர் சொல்லக் கேட்டுக்கொண்டு, மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்றுவிட்டேன்.

நம் தாலுகாவில் இருக்கும் கீழவெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும்தான் மிகுதி. அப்போது நான் கல்லூரி மாணவன். கேள்விப்பட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பதினேழு வருஷம் கழித்து, அதே மண்ணின் குழந்தை ஒன்றை நிறுத்தி வைத்துக் கரி பூசியிருக்கிறேன். இரண்டையும் ஒன்று என்று சொல்லவில்லை. அது கொலை, இது ஒரு வாத்தியாரின் புத்திக்கெட்டதனம். ஆனால் சேற்றில் நின்று நமக்குச் சோறு போட்டவர்களைச் சேற்றோடு சேர்த்து அருவருப்பாகப் பார்க்கும் பார்வை இல்லாமல், அந்தத் தீயை யாரும் வைத்திருக்க முடியாது. அந்தப் பார்வையில் ஒரு துளி என் கொட்டாங்கச்சியிலும் இருந்தது.

நல்ல பேயைப் பற்றிய கதை எல்லா ஊரிலும் இருப்பதற்குக் காரணமே இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கடோத்கஜனோ, வேதாளமோ, லூசியானாவின் பச்சை மனிதனோ, அருவருப்பு பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது என்று சொல்லத்தான் அவர்கள் வந்தார்கள். தாளில் அது எளிது. திரைக்கோ மேடைக்கோ கொண்டு வரும்போது, யாருக்கு எந்தத் தோலை மாட்டுகிறோம் என்று எடுப்பவர் முடிவு செய்தாக வேண்டும். ரங்காராவுக்குக் கிரீடம் கொடுத்தார்கள். சஜ்ஜனுக்கு ராஜாவின் தோளைக் கொடுத்தார்கள். நான் கரி கொடுத்தேன்.

உங்களில் சிலர் இப்போது ஆசிரியர்கள். சிலர் குறும்படம் எடுப்பதாகவும் கேள்வி. பள்ளி நாடகத்தில் பேய் வேஷம் வந்தால், கை காட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கையாலாவது டூராக் மாதிரி பாதியில் நிறுத்தத் தெரிய வேண்டும். நான் நிறுத்தவில்லை.

அந்தப் பையன் பெயரை எழுத மாட்டேன். நன்றாக இருக்கிறான், நல்ல வேலையில் இருக்கிறான், இந்தப் பக்கத்தையும் படிக்கிறான் என்று தெரியும். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான். ஒரு தடவை கூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

தம்பி, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது. நாற்பது வருஷம் தாமதம். கரி உனக்கு வேண்டியிருக்கவில்லை. தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்.

பேரன் அடுத்த ஞாயிறு கூப்பிடுவான். ஸ்வாம்ப் என்றால் என்ன என்று விளக்கமாகச் சொல்லப் போகிறேன். கோடை விடுமுறைக்கு இங்கே வரும்போது வயலில் இறக்கி, முழங்கால் வரை சேற்றில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துப் போடுகிறேன்.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம், கொதிக்க வைத்த தண்ணீரையே குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்
கீழ்வேளூர்